குடோனுக்குள் கிடக்கும் கிடங்கு

ஆசிரியருக்கு,

தீ விபத்துச் செய்திகளில் 'பஞ்சு குடோன்', 'பட்டாசு குடோன்' என்று அடிக்கடி அச்சாகிறது. வேற்றுமொழிச் சொல் என்று அதை விரட்டச் சொல்லி நான் எழுதவில்லை. அது நம் வீட்டுப் பிள்ளைதான், ஊர் சுற்றிவிட்டு உருமாறி வந்திருக்கிறது.

'கிட' என்ற வினையடியில் பிறந்தது கிடங்கு. பழந்தமிழில் அதற்குப் பள்ளம், அகழி என்று பொருள். மதுரைக்காஞ்சி மதுரையின் அகழியை 'மணிநீர்க் கிடங்கு' என்கிறது. இன்றும் ஈழத்தமிழர் 'கிடங்கு வெட்டு' என்றால் குழி தோண்டச் சொல்கிறார்கள் என்றே அர்த்தம். சரக்குக் கூடம் கட்டச் சொல்வதாக நினைத்தால் வம்புதான். பொருள் கிடக்கும் இடம் என்ற கருத்தில் அதே சொல் சேமிப்புக் கூடத்துக்கும் ஆனது.

வணிகத்தோடு சொல்லும் கப்பலேறியது. மலாயில் 'கூடாங்', போர்ச்சுகீசியர் வாயில் இன்னொரு திரிபு, பிறகு ஆங்கிலத்தில் 'கோடவுன்', இந்தியில் 'கோதாம்'. இந்தச் சொல்லின் வேர் தமிழ்க் கிடங்கு மட்டும்தான் என்று அடித்துச் சொல்ல மாட்டேன். தெலுங்கின் 'கிட்டங்கி'க்கும் பங்கிருக்கலாம். 1886-இல் வந்த ஹாப்சன்-ஜாப்சன் அகராதி இரண்டையுமே குறிப்பிடுகிறது. கிட்டங்கி தமிழிலும் புழங்கும் சொல்தான்.

ஆகவே செய்தியில் கிடங்கு என்றும் எழுதலாமே. தலைப்பில் இடம் போதாது என்று உதவி ஆசிரியர்கள் சொல்லவும் முடியாது: குடோனைவிடக் கிடங்குக்கு ஓர் எழுத்துதான் கூடுதல்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்