கழற்றி மாட்டுபவரையும் கேளுங்கள்

ஆசிரியருக்கு,

கல்லூரி மாணவர்களின் புதிய கருவிப் போட்டிகளைப் பற்றித் தங்கள் நாளிதழின் கல்வி இணைப்பில் வந்த கட்டுரை கண்டேன். 'பயன்படுத்தப் போகிறவரிடம் என்ன வேண்டும் என்று கேட்டுவிட்டு வரையத் தொடங்குங்கள்' என்ற அறிவுரை நல்லதுதான். ஆனால் அது பாதிக் கிணறு தாண்டுகிற யோசனை. ஊருக்குள் போய்க் கேட்டால், 'உறுதியா இருக்கணும், அடிக்க லேசா இருக்கணும், அடிக்கடி ரிப்பேர் ஆகக் கூடாது' என்பார்கள். மூன்றும் நியாயம். மூன்றையும் வைத்துக்கொண்டு ஒரு போல்ட்டின் தடிமனைக்கூட முடிவு செய்ய முடியாது.

மாணவர்கள் படிக்க வேண்டிய பாடம் தெருமுனையிலேயே நிற்கிறது: அடிபம்பு.

1960களின் பிற்பகுதியில் பாறைப் பகுதிகளில் ஆழ்துளைக் கிணறுகள் பெருகியபோது, அவற்றின் மேல் பொருத்தப்பட்டவை பெரும்பாலும் வார்ப்பிரும்பு பம்புகள். மேலைநாட்டு வீட்டு முற்றத்தில் ஒரு குடும்பம் புழங்குவதற்காகப் பிறந்த வடிவம் அது. இங்கே அது ஊர்ப் பொதுப் பம்பானது. கணக்குப் போட்டுப் பாருங்கள். ஆளுக்கு 40 லிட்டர், பம்பு ஒன்றுக்கு 250 பேர் என்பது நம் அரசுத் திட்டங்கள் வைத்திருந்த அளவு. நாளுக்கு 10,000 லிட்டர். நிமிடத்துக்கு 40 முறை கைப்பிடியை அடித்தால் 15 லிட்டர் என்று வைத்தால் ஏறக்குறைய 26,700 அடி, பதினோரு மணி நேர வேலை. ஆண்டுக்கு 97 லட்சம் அடி. ஐந்து பேர் உள்ள வீட்டுக்கு நாளுக்கு 530 அடி போதும். ஐம்பது மடங்கு வேலை வாங்கினால் வார்ப்பிரும்பு உடையாமல் என்ன செய்யும்? 'உறுதியா இருக்கணும்' என்பதை இப்படி எண்ணாக மாற்றிய பிறகுதான் அது தேவை. அதுவரை வெறும் ஆசை.

அந்தக் கணக்கைத் தாங்கும்படி வந்ததுதான் இந்தியா மார்க் 2. மகாராஷ்டிரத்தின் சோலாப்பூரில் உருவான எஃகு பம்பைக் கருவாக வைத்து, யுனிசெப் துணையோடு செய்து, கோவைப் பகுதியின் ஆழமான கிணறுகளில் சோதித்துப் பார்த்தார்கள். 1970களின் பிற்பகுதியில் அது உற்பத்திக்கு வந்தது. கிணற்றுக்குள் சிலிண்டரில் இருந்து தண்ணீரைத் தூக்கும் பிஸ்டனைக் கைப்பிடியோடு இணைப்பது ஒரு நீளக் கம்பி. பழைய பம்பில் கைப்பிடி வளைவாக ஏறி இறங்கும்போது அந்தக் கம்பியும் பக்கவாட்டில் இழுபடும். இணைப்பு ஊசிகள் தேய்ந்துபோகும். மார்க் 2-இல் கைப்பிடியின் முனையில் கால்வட்டத் தகடு, அதன்மேல் செயின். அதனால் கம்பி எப்போதும் நேர்க்கோட்டில் ஏறி இறங்கும். கைப்பிடி இரண்டு பால் பேரிங்குகளில் சுழலும். நெம்புகோல் விகிதம் எட்டுக்கு ஒன்று.

செயினுக்கு ஒரு குணம் உண்டு: இழுக்கும், தள்ளாது. பிஸ்டனைக் கீழே இறக்குவது கம்பியின் எடைதான். ஆழம் குறைந்த கிணற்றில் கம்பி எடை போதாது. கைப்பிடியை வெடுக்கென்று தூக்கினால் செயின் மடங்கும், குலுங்கும். 'இந்தப் பம்பு சரியில்லை' என்று ஊர் சொல்லும். பம்பில் கோளாறில்லை. எந்த ஆழத்துக்கு என்பதைப் பார்க்காமல் மாட்டியதுதான் கோளாறு.

இத்தனை கவனமாகச் செய்த பம்பிலும் விட்டுப்போனது ஒன்று. 'யார் அடிப்பார்கள்' என்று கேட்டவர்கள், 'யார் கழற்றுவார்கள்' என்று கேட்டதில் குறைவைத்துவிட்டார்கள். மார்க் 2-இன் சிலிண்டர் உள்விட்டம் 63.5 மி.மீ., தண்ணீர் மேலே வரும் ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய இரும்பு) குழாயோ 32 மி.மீ. பிஸ்டன் அந்தக் குழாய் வழியே ஏறாது. எனவே பிஸ்டனில் உள்ள சில ரூபாய் பெறும் தோல் வாஷர் தேய்ந்தாலும் மூன்று மூன்று மீட்டராகக் குழாய் முழுவதையும் உருவ வேண்டும். 30 மீட்டருக்குக் குழாய் சுமார் 95 கிலோ, 12 மி.மீ. கம்பி 27 கிலோ, குழாய்க்குள் நிற்கும் தண்ணீர் 30 கிலோ. மொத்தம் ஒன்றரைக் குவிண்டால்! முக்காலி, கிளாம்ப், நாலு ஆள், வண்டி எல்லாம் வேண்டும். பிடி நழுவினால் குழாய் கிணற்றுக்குள் போய்விடும். வாஷர் போய்க் கிணறே போன கதைதான். செயினுக்குக் கிரீஸ் வைப்பதும் போல்ட் முறுக்குவதும் உள்ளூர் ஆளால் முடிந்தது. வாஷருக்கு மாவட்டத்து வண்டி வரும்வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

இந்தக் கேள்விக்கான விடையும் கோவை மாவட்டத்தில்தான் கிடைத்தது. 1980களில் அங்கே நடந்த களச் சோதனையிலிருந்து மார்க் 3 வந்தது. குழாயை 65 மி.மீ. ஆக்கினார்கள். பிஸ்டனையும், ஏறிய தண்ணீர் திரும்ப இறங்காமல் தடுக்கும் அடி வால்வையும் கம்பியோடு மேலே எடுத்துவிடலாம்; குழாய் கிணற்றிலேயே இருக்கும். இரண்டு பேரும் ஸ்பேனர்களும் போதும். ஆனால் பெரிய குழாய்க்கு எடை இரு மடங்கு, விலையும் அதிகம். முதலில் இறக்குவது சிரமம். துருப்பிடித்து மாற்ற நேர்ந்தால் சிரமம் இன்னும் கூடும். வாங்கும் அலுவலகம் பார்ப்பது முதல் விலையை. ஐந்தாண்டு வண்டிச் செலவு வேறு கணக்கில் போகும். காசு கொடுப்பவர், அடிப்பவர், கழற்றுபவர் மூவரும் வேறு வேறு ஆட்களாக இருக்கும் பொருளில் இந்தச் சிக்கல் வந்தே தீரும். மாணவர்களின் கருத்துக்கேட்புத் தாளில் இம்மூவருக்கும் தனித்தனிப் பத்தி இருக்க வேண்டும்.

இன்னொன்று, கேட்பதோடு நிற்காமல் பார்க்கவும் வேண்டும். 'முழு வீச்சில் அடிக்கவும்' என்று பொறியாளர் சொல்வார். பம்படியில் காலை ஆறு மணிக்கு நின்றால், குட்டிக் குட்டியாக வேகமாக அடிப்பவர்களையும் கைப்பிடியில் தொங்கி அடிக்கும் பிள்ளைகளையும் பார்க்கலாம். பழுதைக்கூட அவர்களே சொல்லிவிடுவார்கள். 'பத்துப் பதினைந்து அடி அடிச்சாத்தான் தண்ணி வருது' என்றால் அடி வால்வு ஒழுகுகிறது. குழாயில் ஓட்டை இருந்தாலும் இப்படி ஆகும். 'கைப்பிடி காத்து மாதிரி போகுது, தண்ணியே இல்லை' என்றால் கம்பி கழன்றுவிட்டது. அவர்கள் சொல்வதை வடிவமைப்பு மொழிக்கு மாற்ற வேண்டியது நம் வேலை.

போட்டி நடத்துவோருக்கு ஒரு வேண்டுகோள். மேடையில் கருவி ஓடுவதைக் காட்டியவுடன் கைதட்டி அனுப்பிவிடாதீர்கள். அதில் முதலில் தேயப்போகும் பாகம் எது என்று கேளுங்கள். அதை அருகிலுள்ள பட்டறையில் கிடைக்கும் ஸ்பேனரை வைத்து, அந்தக் கருவியை முன்பின் பார்த்திராத ஒருவர் கழற்றி மாட்டட்டும். எத்தனை நிமிடம் ஆகிறது என்று குறித்துக்கொண்டு மதிப்பெண் போடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
பொள்ளாச்சி