நட்சத்திரம் செய்யத் தெர்மாகோல் எதற்கு? பள்ளிகளுக்கு ஒரு திறந்த மடல்

மார்த்தாண்டம், குழித்துறை, களியக்காவிளை சுற்றுவட்டாரப் பள்ளிகளின் தலைமையாசிரியர்களுக்கும், கைவேலை வகுப்பு எடுக்கும் டீச்சர்களுக்கும் வணக்கம்.

டிசம்பரில் நடக்கும் கிறிஸ்துமஸ் நட்சத்திர, குடில் போட்டிக்கான பொருள் பட்டியல் போன வாரம் பிள்ளைகளின் டைரியில் ஒட்டி வந்துவிட்டது. நட்சத்திரத்துக்குத் தெர்மாகோல் ஷீட் இரண்டு, கிளிட்டர் ஷீட் நாலு, ஃபோம் ஷீட் ஒரு பாக்கெட், க்ளூ கன் ஒன்று, அதற்குக் குச்சி ஆறு. குடிலுக்குத் தனிப் பட்டியல். பட்டியலுக்கு வெளியே உள்ள பொருளில் செய்தால் போட்டியில் சேர்க்க மாட்டோம் என்று கடைசியில் ஒரு வரி. பள்ளிக்குப் பள்ளி கொஞ்சம் மாறும். தெர்மாகோலும் க்ளூ கன்னும் மட்டும் மாறுவதில்லை. போன வருசம் மூங்கில் பிளாச்சில் (கீறிய மூங்கில் பட்டையில்) கட்டிய நட்சத்திரத்துக்கும் பனையோலைப் பெட்டிக்கும் மேசைக்கு அடியில்தான் இடம் கிடைத்தது என்பதை உங்களுக்கு நினைவூட்ட வேண்டியதில்லை.

நாங்கள் கேட்பது இதுதான்: அந்தப் பட்டியலை எடுத்துவிடுங்கள். வீட்டில் கிடப்பதையும், தோட்டத்தில் விழுவதையும், ஆக்கர் கடையில் (பழைய சாமான் கடையில்) எடைக்குக் கிடைப்பதையும் வைத்துப் பிள்ளைகள் செய்யட்டும். அதையும் பள்ளியிலேயே, உங்கள் கண் முன்னால் செய்யட்டும்.

முதலில் சட்டம். அலங்காரத்துக்கான தெர்மாகோல் 2022 ஜூலை 1 முதல் நாடு முழுவதும் தடைசெய்யப்பட்ட பொருள். 2021 ஆகஸ்டில் வந்த பிளாஸ்டிக் கழிவு மேலாண்மைத் திருத்த விதியில், பலூன் குச்சி, பிளாஸ்டிக் கொடி, மிட்டாய்க் குச்சி ஆகியவற்றோடு அலங்காரத் தெர்மாகோலும் பெயர் சொல்லியே சேர்க்கப்பட்டிருக்கிறது. விற்கக் கூடாது, பயன்படுத்தக் கூடாது என்று உள்ள பொருளை ஆறாம் வகுப்புப் பிள்ளையிடம் வாங்கிவரச் சொல்லும் இடமாகப் பள்ளிக்கூடம் இருக்கலாமா? போட்டி முடிந்தபின் அந்த ஷீட்டை ஆக்கர் கடைக்காரர் எடுக்க மாட்டார். அவர் வாங்குவது கிலோக் கணக்கில், தெர்மாகோலோ முக்கால்வாசிக்கும் மேல் வெறும் காற்று. ஒரு சாக்கு நிறையக் கட்டினாலும் தராசு அசையாது. அது உடைந்து, மணி மணியாக உதிர்ந்து, மழைத் தண்ணீரோடு ஓடை வழியாகக் குழித்துறை ஆற்றுக்குப் போய், தேங்காப்பட்டணத்தில் கடலில் சேரும்.

அடுத்தது, இந்தப் பட்டியல் ஒரு வீட்டுக்குள் வந்து என்ன செய்கிறது என்பது. இதைச் சற்று பொறுமையாகப் படிக்க வேண்டுகிறோம்.

இந்தப் பக்கத்தில் எத்தனை தாய்மார் அண்டி ஆபீசுக்கு, அதாவது முந்திரி ஆலைக்கு, வேலைக்குப் போகிறார்கள் என்று உங்களுக்குத் தெரியும். முந்திரித் தோட்டின் எண்ணெய் பட்டு விரல் நுனி கறுத்து, தோல் உரிந்திருக்கும். சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் பிள்ளை பட்டியலை நீட்டுகிறது. கடைக்குப் போனால் முந்நூறு, நானூறு ரூபாய் ஆகிறது. பிள்ளைக்குக் க்ளூ கன்னைக் கொடுக்க முடியாது. சூடு அதிகமான ரகத்தில் பசை 190 டிகிரி வரை போகும், ஒரு சொட்டு விழுந்தாலும் தோலோடு ஒட்டிக்கொண்டு பொள்ளிவிடும். அதனால் உரிந்த விரலோடு அம்மாவே உட்காருகிறார். அந்தச் சூட்டுப் பசை தெர்மாகோலில் பட்ட இடம் உருகிக் குழியாகிறது, ஏனென்றால் தெர்மாகோல் 100 டிகிரியை நெருங்கும்போதே இளகத் தொடங்கிவிடும். குழியை மறைக்க ஸ்ப்ரே பெயின்ட் அடித்தால், அதில் இருக்கும் கரைப்பான் மிச்சத்தையும் தின்றுவிடுகிறது. ராத்திரி ஒன்பதரைக்கு எந்தக் கடையில் போய் இன்னொரு ஷீட் வாங்குவது? பிள்ளை தூங்கிவிடுகிறது. காலையில் அம்மா செய்த நட்சத்திரம் பிள்ளையின் பெயரில் பள்ளிக்கு வருகிறது. காசுள்ள வீட்டில் இந்தப் பாடும் இல்லை, கடையில் செய்துவைத்திருப்பதை வாங்கி அனுப்பிவிடுகிறார்கள். பரிசும் பெரும்பாலும் அதற்குத்தான் போகிறது. இதற்குப் பெயர் கைவேலைப் போட்டியா, டீச்சர்?

நம் ஊரில் நட்சத்திரம் கட்டத் தெரியாத தெரு கிடையாது. வேண்டியது மூங்கில் பிளாச்சு. 60 செ.மீ. நீளம், ஒரு செ.மீ. அகலம், மூன்று நான்கு மி.மீ. கனம் உள்ள பிளாச்சு பத்து. 10 செ.மீ. நீளத்தில் குறுக்குக் கட்டை ஐந்து. சணல் நூல். அவ்வளவுதான் நட்சத்திரத்தின் மூங்கில் சட்டத்துக்கு. ஐந்து பிளாச்சை ஒன்றன்மேல் ஒன்று ஏறி இறங்கப் பின்னி ஒரு நட்சத்திரம், மற்ற ஐந்தில் இன்னொன்று. ஒவ்வொரு பிளாச்சிலும் இரண்டு நுனியிலிருந்தும் 23 செ.மீ. தள்ளிக் குறுக்கே மற்றது ஏற வேண்டும். பென்சிலால் முதலிலேயே குறித்துக்கொண்டால் நட்சத்திரம் கோணாது. ஒரு பிளாச்சு ஒரு விரற்கடை குறைந்தாலும் ஒரு கொம்பு சாய்ந்துவிடும். இரண்டு நட்சத்திரங்களையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்து ஐந்து நுனிகளையும் சேர்த்துக் கட்டிய பிறகுதான், நடுவில் பிளாச்சுகள் குறுக்கிடும் ஐந்து இடத்தில் கட்டையைச் செருக வேண்டும். அப்போது பிளாச்சு வளைந்து வயிறு உப்பும். கட்டை 15 செ.மீ. ஆகிவிட்டால் நுனிக் கட்டு நழுவும், இல்லையென்றால் பிளாச்சு முறியும். பச்சை மூங்கிலும் ஆகாது. காயக் காயச் சுருங்கி எல்லாக் கட்டும் தளர்ந்துபோகும். வெட்டி ஒரு வாரமாவது நிழலில் கிடந்த மூங்கில் வேண்டும்.

காகிதம் ஒட்டுவது அடுத்த நாள் வேலை. முன்னும் பின்னுமாகப் பத்து முக்கோணம், பக்கவாட்டில் பத்து ஒல்லி முக்கோணம், நடுவில் இரண்டு ஐங்கோணம். ஆறாம் வகுப்புக் கணக்குப் பாடம் இதில் முழுதாக இருக்கிறது. பசைக்கு மைதா ஒரு பங்கு, தண்ணீர் ஐந்து பங்கு. பச்சைத் தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்த பிறகே அடுப்பில் வைத்து, சிறு தீயில் கண்ணாடி போல ஆகும்வரை கிண்ட வேண்டும். சுடுதண்ணீரில் மாவைக் கொட்டினால் கட்டி கட்டியாகும், அந்தக் கட்டி காகிதத்துக்கு அடியில் பரு போலத் தெரியும். தண்ணீர் கூடினால் காகிதம் ஊறித் தொங்கிக் கிழியும். போஸ்டர் ஒட்டுகிறவர்கள் பூச்சி வராமல் இருக்கத் துரிசு போடுவார்கள். அது விஷம், பிள்ளைகள் கைபடும் பசையில் போடவே கூடாது. இரண்டு நாளில் தீருமளவு காய்ச்சினால் போதும். பக்கவாட்டு முக்கோணம் ஒன்றை ஒட்டாமல் மடக்கி விட்டால் பல்பு போட வழி. பழைய குண்டு பல்பு சூடேறிக் காகிதத்தைக் கருக்கும், மூன்று வாட் எல்இடி பல்பே தாராளம்.

காகிதத்தையும் விலைக்கு வாங்கத் தேவையில்லை. துணிக்கடைப் பெட்டிக்குள் வரும் மெல்லிய தாள், பூக்கடைத் தாள், கிழிந்த வெள்ளை வேட்டி எல்லாம் ஆகும். குடிலுக்குக் கூரை போடத் தென்னஞ்சில்லாட்டை (மட்டையின் அடியில் இருக்கும் வலை போன்ற நார்), வேலிக்கு ஈர்க்கு, சுவருக்கு உடைந்த பழப்பெட்டியின் பலகை. ஓட்டை விழுந்த சொளவை (முறத்தை) கவிழ்த்தால் ஒரு குன்று. வைக்கோலுக்கும் சீரியல் பல்புக்கும் நடுவே ஒரு சாண் இடைவெளி இருக்க வேண்டும் என்பதை மட்டும் நீங்கள் கண்டிப்பாகச் சொல்லிக்கொடுங்கள்.

இங்கே விளையும் ஈத்தாமொழி நெட்டைத் தேங்காய்க்குப் புவிசார் குறியீடு இருக்கிறது. அதன் சிரட்டைக்கு உங்கள் பட்டியலில் இடமில்லை. சிரட்டையின் மூன்று கண்ணில் ஒன்று மெல்லியது, சின்ன ஆணியாலேயே குத்தித் திறந்துவிடலாம். செடி வைத்தால் தண்ணீர் வடிய அந்த ஓட்டை போதும். சிரட்டையைச் சுரண்ட உடைந்த கண்ணாடித் துண்டைப் பிள்ளையிடம் கொடுக்காமல் உப்புத்தாளால் தேய்க்கச் சொல்லுங்கள்: முதலில் 80ஆம் நம்பர், பிறகு 150, கடைசியில் 400. அதன்மேல் ஒரு துளி தேங்காய் எண்ணெய் தேய்த்தால் கறுத்து மின்னும். வார்னிஷ் தேவையே இல்லை.

பனை தமிழ்நாட்டின் மாநில மரம் என்று பாடப்புத்தகத்தில் மனப்பாடம் செய்யவைக்கிறோம். அதன் ஓலையில் முடைந்து வந்த பெட்டியை, ஃபினிஷிங் இல்லை என்று மேசைக்கு அடியில் தள்ளுகிறோம். அந்தப் பெட்டியில் ஃபினிஷிங் எங்கே இருக்கிறது என்று நடுவருக்குச் சொல்லித்தர வேண்டியிருக்கிறது. குருத்தோலையை மூன்று நான்கு நாள் வெயிலில் காயவைத்து, முடையும் முன் ஈரத்துணியில் சுற்றிப் பதப்படுத்தியிருக்கிறார்களா என்பதை மூடியின் விளிம்பைப் பார்த்தே சொல்லலாம். பச்சை ஓலையில் முடைந்தால் காய்ந்தபின் கண் கண்ணாக இடைவெளி விழும். அதிகம் ஊறவைத்திருந்தால் கரும்புள்ளி இருக்கும். மூடி இறுகி உட்கார்ந்தால், பெட்டியைவிட மூடி ஓர் இம்மியளவு பெரிதாக முடையத் தெரிந்த கை அது.

கைவேலைப் பீரியடையே கணக்குக்கும் அறிவியலுக்கும் எடுத்துக்கொள்கிறீர்கள். வருசம் முழுக்க ஒரு முடிச்சுக்கூடப் போடக் கற்றுத்தராமல், டிசம்பரில் ஒரு ராத்திரிக்குள் வீட்டிலிருந்து எல்லாம் வந்தாக வேண்டும் என்கிறீர்கள். போட்டி நடந்தது என்று போட்டோ எடுத்தால் போதுமா? பிள்ளை என்ன கற்றது என்று யார் பார்க்கிறார்கள்? கோபத்தில் குரல் உயர்ந்துவிட்டது, பொறுத்துக்கொள்ளுங்கள். உங்களுக்கும் மேலிடத்து நெருக்கடி உண்டு என்பது எங்களுக்குத் தெரியாததல்ல.

அதனால் மறுபடியும் பணிவாகக் கேட்கிறோம். பட்டியலை எடுத்துவிடுங்கள். வெளிப்பொருள் ஏற்கப்படாது என்ற அந்தக் கடைசி வரியையும் எடுத்துவிடுங்கள். போட்டிக்கு முந்தின வாரம் மூன்று பீரியட் ஒதுக்குங்கள்: ஒன்று மூங்கில் சட்டம் கட்ட, ஒன்று காகிதம் ஒட்ட, ஒன்று கோணியதைச் சரிசெய்ய. நாலு பிள்ளைக்கு ஒரு நட்சத்திரம் போதும். மதிப்பெண் போடும்போது முடிச்சை இழுத்துப் பாருங்கள், பிள்ளையிடம் எப்படிச் செய்தாய் என்று கேளுங்கள்.

பிளாச்சு கீறிக் கட்டாகக் கொண்டுவந்து தர நாங்கள் தயார். வெட்டுகத்தி வேலை முழுவதையும் பெரியவர்களே செய்துவிடுகிறோம், பிள்ளைகள் கைக்கு வரும்போது சிராய்ப்பு இல்லாமல் தேய்த்திருக்கும். மூங்கில் காய ஒரு வாரம் வேண்டும் என்பதால், எத்தனை வகுப்பு, எந்த நாள் என்பதை இந்த மாதக் கடைசிக்குள் சொல்லிவிட்டால் நன்றாயிருக்கும்.

இப்படிக்கு,
கைவேலை தெரிந்த பெற்றோர்கள்,
விளவங்கோடு வட்டம்