செயலாளர் ஆண்டறிக்கை, 2025–26

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

இவ்வாண்டு நம் பறவை ஆர்வலர் சங்கத்தின் செயற்குழு மூன்று முறை கூடியது. உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களுக்கான ராம்சார் பட்டியலில் 2025 பிப்ரவரியில் இடம்பெற்ற சக்கரக்கோட்டைக் கண்மாய்க்கு மார்கழியிலும், காரங்காட்டு அலையாத்திக் காட்டிற்குத் தையிலும் சென்று வந்தோம். பூநாரை சரணாலயமாக அறிவிக்கப்பட்ட தனுஷ்கோடிக்குச் சென்ற நாளில் மட்டும் வேன் கொள்ளாத அளவிற்கு உறுப்பினர்கள் வந்தார்கள்.

நான் முன்மொழிந்த கொல்லைப்புறப் பறவைக் கணக்கு பற்றிச் சற்று விரிவாகக் கூற வேண்டியுள்ளது. ஐப்பசி முதல் தை வரை, வாரம் ஒரு காலை 15 நிமிடம் அவரவர் வீட்டுக் கொல்லையில் நின்று, கண்டதையும் கேட்டதையும் எழுத வேண்டும் என்பதே ஏற்பாடு. 24 குறிப்பேடுகள் கொடுத்தேன். திரும்பி வந்தவை 7. காகமும் தவிட்டுக்குருவியும்தான் வந்தன, அதை எழுதுவானேன் என்று சிலர் கேட்டார்கள். எல்லா ஆண்டும் வரும் பறவையை எழுதி வைத்தால்தான், அது வராமற்போன ஆண்டு நமக்குத் தெரியும்.

ஐப்பசி மழைக்கு மறுநாள் என் வீட்டுக் கிணற்றடியில் ஓர் ஆறுமணிக்குருவி இறங்கியது. இமயமலை அடிவாரம் வரையுள்ள வடபுலத்துக் காடுகளில் குஞ்சு பொரித்துவிட்டு, இரவில் பறந்து, குளிர்காலத்தைக் கழிக்கத் தெற்கே வரும் பறவை அது. ஈர வேப்பஞ்சருகை அலகால் புரட்டிப் புரட்டி மண்புழுவை இழுத்தது. குனியும்போதெல்லாம் வாலடிச் சிவப்பு தெரிந்தது. அந்தியில் அதன் இரட்டைக் குரல் கேட்டுத்தான் வீட்டில் விளக்கேற்றினோம். போகிக்கு முதல்நாள் கொல்லையைப் பெருக்கிச் சருகைக் கொளுத்திவிட்டார்கள்; நான் தடுத்திருக்க வேண்டும். பொங்கல் நாட்களின் பறவைக் கணக்கெடுப்பில் அதன் பெயரை என்னால் எழுத முடியவில்லை. வந்த 7 குறிப்பேடுகளில் பழுப்புக் கீச்சானும் மாங்குயிலும் பதிவாகியிருப்பது, கூட்டாமல் விட்ட மூலையும் வெட்டாமல் விட்ட மரமும் உள்ள வீடுகளில்தான் என்பதையும் உறுப்பினர்கள் கவனிக்க வேண்டுகிறேன்.

வரவும் செலவும் ஏறக்குறையச் சரிக்குச் சரியாக உள்ளன. விவரத்தைப் பொருளாளர் வாசிப்பார். சந்தா பாக்கி வைத்திருப்போர் பெயரை இங்கே படிக்க எனக்கு மனமில்லை. கூட்டத்திற்கு இடமளித்த பள்ளிக்கும், உடன் வந்து வழிகாட்டிய வனத்துறை ஊழியர்களுக்கும் நன்றி.

அடுத்த ஐப்பசிக்குப் புதிய குறிப்பேடுகள் வாங்கச் சங்கத்தில் இப்போது பணமில்லை. பழைய 17 குறிப்பேடுகளை, எழுதாமல் வைத்திருந்தாலும் பரவாயில்லை, ஆடி முடிவதற்குள் என்னிடம் சேர்த்துவிட்டால் அவற்றையே மீண்டும் பயன்படுத்திக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
செயலாளர்