ஆப்பை எடுத்துவிட்டேன்

அன்புள்ள கண்ணா,

நீ என் போனில் போட்டுத் தந்த மூளைப் பயிற்சி ஆப்பை இன்று எடுத்துவிட்டேன். கோபித்துக்கொள்ளாதே. இருபத்தைந்து நாள் ஒழுங்காக விளையாடினேன். ஒரே மாதிரிப் படங்களை ஜோடி சேர்ப்பதில் இப்போது நான் பெரிய ஆள். ஆனால் மூக்குக்கண்ணாடியைத் தேடுவது மட்டும் அப்படியேதான் இருக்கிறது. ஆராய்ச்சிகளிலும் பெரும்பாலும் இதுதான் தெரிகிறதாம்: எதைப் பழகுகிறோமோ அதில் கெட்டிக்காரர் ஆகிறோம், அது மற்ற வேலைகளுக்கு அவ்வளவாக உதவுவதில்லை.

உன் பயம் எனக்குப் புரிகிறது. பாட்டியைப் பார்த்து வளர்ந்தவன் நீ. அவர் தினமும் குறுக்கெழுத்துப் போட்டவர். கடைசியில் என்னைப் பார்த்தே, “நீ யார் வீட்டுப் பெண்ணம்மா?” என்றார். அதனால், இன்னதைச் செய்தால் மறதி நோய் வரவே வராது என்று யார் சொன்னாலும் நான் நம்புவதில்லை. லான்செட் மருத்துவ இதழின் நிபுணர் குழு 2024இல் 14 காரணங்களைப் பட்டியலிட்டது. அவை எல்லாவற்றையும் சரிசெய்தால் உலகில் ஏறக்குறைய 45 சதவீத டிமென்ஷியாவை, அதாவது இந்த மறதி நோயை, தடுக்கவோ தள்ளிப்போடவோ முடியலாம் என்பது அவர்கள் கணக்கு. ரத்த அழுத்தம், சர்க்கரை, புகை, கொழுப்பு என்று பாதி நாம் எப்போதும் கேட்பதுதான். எனக்குச் சுருக்கென்று தைத்தவை இரண்டு: ஆள் பழக்கம் இல்லாமல் போவது, காது கேளாமை.

சரி, ஒன்றை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இரண்டு வருடமாக நீ போனில் பேசுவதில் பாதி எனக்கு விழவில்லை. நீ சிரித்தால் நானும் சிரித்து வைப்பேன். நீ வேலை மாறிய விஷயமே மூன்று வாரம் கழித்துத்தான் எனக்குப் புரிந்தது. திரும்பத் திரும்ப “என்ன, என்ன” என்று கேட்க வெட்கப்பட்டு, நாலு பேர் கூடுகிற இடத்துக்குப் போவதையும் விட்டுவிட்டேன். நான் அமைதியாகிவிட்டேன் என்று நீங்கள் எல்லோரும் நினைத்தீர்கள்!

காது மிஷின் வாங்கிவிட்டேன். 2023இல் வெளிவந்த ஓர் அமெரிக்க ஆய்வில், 70 முதல் 84 வயது வரையுள்ள 977 பேரை மூன்று ஆண்டுகள் கவனித்திருக்கிறார்கள். மொத்தமாகப் பார்த்தால் காது மிஷினால் பெரிய வித்தியாசம் இல்லை. ஆனால் ஏற்கெனவே ஆபத்து அதிகம் இருந்தவர்களிடம் நினைவும் சிந்தனையும் மங்கும் வேகம் 48 சதவீதம் குறைந்ததாம். நான் எந்தக் கூட்டத்தில் சேர்த்தியோ தெரியாது. உன் குரல் கேட்கிறது, எனக்கு அது போதும்.

அப்புறம், வாசிப்புக் கூட்டத்துக்கு மறுபடி போகத் தொடங்கியிருக்கிறேன். நான்கே பேர்தான். ஒரு சிறுகதையைப் படித்துவிட்டு வந்து சண்டை போடுவோம். அதில் ஒருவரை எனக்கு அறவே பிடிக்காது. ஆனால் அவருக்குப் பதில் சொல்லத்தான் கதையை இரண்டு முறை படித்துவிட்டுப் போகிறேன். எதிராளி சொல்வதைக் கேட்க வேண்டும், நினைவில் வைக்க வேண்டும், முகத்தைப் படிக்க வேண்டும், கோபத்தை அடக்கிக்கொண்டு சரியான சொல்லைத் தேட வேண்டும். எந்த ஆப் இத்தனை வேலை வாங்கும்?

75 வயதைத் தாண்டிய 469 பேரை வைத்து நியூயார்க்கில் நடந்த ஆய்வு ஒன்று 2003இல் வெளியானது. படிப்பவர்கள், பலகை விளையாட்டு ஆடுபவர்கள், இசைக்கருவி வாசிப்பவர்கள், நடனமாடுபவர்கள் ஆகியோருக்கு டிமென்ஷியா குறைவாக வந்ததாம். இதிலும் ஒரு சிக்கல் உண்டு. நோய் உள்ளே தொடங்கிவிட்டவர்கள் இதையெல்லாம் முன்கூட்டியே விட்டுவிட்டிருக்கலாம் அல்லவா? டேவிட் ஸ்னோடன் 1986இல் தொடங்கிய ஆய்வில் 678 கன்னியாஸ்திரிகள் பங்கேற்றார்கள். அவர்களில் சிலருடைய மூளையில், இறந்த பிறகு பார்த்தபோது, அல்சைமர் என்ற மறதி நோயின் அடையாளங்கள் தெளிவாக இருந்தன. உயிரோடு இருந்தவரை அவர்கள் தெளிவாகவே இருந்தார்கள். ஆயுள் முழுக்கப் படித்தும் பழகியும் சேர்த்த ஏதோ ஒன்று தாங்கிப்பிடிக்கிறது போலிருக்கிறது. பாட்டிக்கும் அது சில வருடங்களை வாங்கித் தந்திருக்கலாம் என்று நினைத்துக்கொள்கிறேன்.

உன்னிடம் எனக்கு வேண்டியது இவ்வளவுதான். நான் ஒரு சொல்லைத் தேடித் தடுமாறும்போது அவசரப்பட்டு எடுத்துக் கொடுக்காதே. வங்கி வேலையை “நான் பார்த்துக்கொள்கிறேன் அம்மா” என்று பிடுங்கிக்கொள்ளாதே. தப்பு செய்தால் திருத்து. கணக்கு விவரம் கேட்டு யாராவது போன் செய்தால் உன்னிடம் சொல்லிவிட்டுத்தான் எதையும் செய்வேன், அது சத்தியம். மறதி நிஜமாகவே கூடுவதாகத் தெரிந்தால் மூடி மறைக்காமல் என்னிடமே சொல், டாக்டரிடம் போவோம்.

செஸ் கற்றுக்கொள்கிறேன். குதிரை எப்படித் தாவும் என்பது இன்னும் குழப்பம்தான். பலகையை மேஜையில் விரித்தே வைத்திருக்கிறேன், உன் காய்களையும் நானே நகர்த்துவேன். வெள்ளை எனக்கு. ராஜாவுக்கு முன்னால் நிற்கும் சிப்பாயை இரண்டு கட்டம் தள்ளியிருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை கூப்பிடும்போது உன் ஆட்டத்தைச் சொல்.

அன்புடன்,
அம்மா