வாசிக்கத் திணறும் பிள்ளைகளை ஒரே பட்டியலில் போடாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

ஆரம்ப வகுப்புப் பிள்ளைகளின் வாசிப்புத் திறன் வன்னியில் குறைந்துபோயிருப்பது பற்றித் தங்கள் பத்திரிகையில் வந்த கட்டுரையை வாசித்தேன். போர், இடப்பெயர்வு, வறுமை, கொரோனாக் காலத்தில் பாடசாலைகள் மூடிக் கிடந்தது என்று அதில் சொல்லப்பட்ட காரணங்கள் எதையும் நான் மறுக்கவில்லை. ஆனால் அறிவிருந்தும் வாசிக்கத் திணறவைக்கும் டிஸ்லெக்சியா என்ற பிறவி இடர்பாடு பற்றி அதில் ஒரு வரிகூட இல்லை. கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பக்கம் வாசிப்பு இடர்பாடுள்ள பிள்ளைகளை மதிப்பிடுவதும் அவர்களுக்குக் கற்பிப்பதும்தான் என் தொழில். அதனால் இதை எழுதாமல் இருக்க முடியவில்லை.

எங்கள் பகுதியில் ஒரு பிள்ளை வாசிக்கவில்லை என்றால் காரணம் தயாராக இருக்கிறது. 'தாய் வெளிநாட்டில்', 'தகப்பனுக்குக் கூலி வேலை', 'யுத்தம் பாதித்த குடும்பம்'. ஆரம்ப வகுப்புகளில் இன்று இருப்பவர்கள் யுத்தம் முடிந்த 2009க்குப் பல வருடம் கழித்துப் பிறந்தவர்கள். வீட்டின் துயரம் அவர்களையும் தொடுகிறது, உண்மைதான். ஆனால் அதே வீட்டில் வளர்ந்து, அதே ரீச்சரிடம் படித்த அக்கா சரளமாக வாசிக்கிறாள். தம்பி மட்டும் ஏன் தரம் நான்கிலும் எழுத்துக் கூட்டுகிறான்? இந்தக் கேள்வியைக் கேட்க ஆளில்லை. எல்லாரும் 'மெல்லக் கற்போர்' பட்டியலுக்குள் போய்விடுகிறார்கள்.

டிஸ்லெக்சியா புதிதாக வந்த நோய் அல்ல. 1896இல் இங்கிலாந்தில் பிரிங்கிள் மோர்கன் என்ற வைத்தியர், வாசிக்க முடியாத 14 வயதுச் சிறுவன் ஒருவனைப் பற்றி மருத்துவ இதழில் எழுதினார். எல்லாவற்றையும் வாயால் மட்டும் கற்பித்தால் பாடசாலையிலேயே கெட்டிக்காரன் அவன்தான் என்று அவனுடைய ஆசிரியர் சொன்னதையும் பதிவுசெய்தார். அந்தச் சிறுவனைப் போன்ற பிள்ளைகளை நான் மாங்குளத்திலும் விசுவமடுவிலும் பார்க்கிறேன். பேச்சின் ஒலிகளைப் பிரித்து எழுத்தோடு இணைப்பதில் மூளைக்கு இருக்கும் சிரமம் இது. பிறவியிலேயே வருவது, பெரும்பாலும் குடும்பத்தில் தொடர்வது. அறிவின் அளவோடு இதற்குச் சம்பந்தம் இல்லை.

மதிப்பீடு என்றால் ஒரு தாளில் புள்ளி போடுவது என்று பலர் நினைக்கிறார்கள். முதலில் கண்ணும் காதும் சரியா என்று வைத்தியசாலையில் பார்த்துவிட்டு வரச் சொல்வேன். அப்புறம் தாயோடும் அம்மம்மாவோடும் கதைக்க வேண்டும்: எப்போது பேசத் தொடங்கினான், எத்தனை பாடசாலை மாறினான், வீட்டில் வேறு யாருக்கு இப்படி இருந்தது. 'தகப்பனும் இப்பிடித்தான் ரீச்சர்' என்ற பதில் அடிக்கடி வரும். பிறகு பிள்ளையோடு வேலை. 'கல்' என்பதில் முதல் ஒலியை மாற்றி 'பல்' ஆக்கச் சொல்வது, வரிசையாக உள்ள படங்களின் பெயரை வேகமாகச் சொல்லவிடுவது, 'தோலிபை', 'நிடமு' போன்ற பொருளில்லாத சொற்களை வாசிக்கக் கொடுப்பது. இந்தக் கடைசிச் சோதனை மிக முக்கியம். பாடப்புத்தகத்தை முழுக்கப் பாடமாக்கிவிட்டு, விரலை ஓட்டி ஓட்டி வாசிப்பதுபோலக் காட்டும் கெட்டிக்காரப் பிள்ளைகள் இருக்கிறார்கள். வகுப்பு ஆசிரியர் தரம் மூன்று வரை கவனிக்காமல் விடுவது இவர்களைத்தான்.

தமிழில் இந்த இடர்பாடு வெளிப்படும் விதமும் வேறு. ஆங்கிலத் துண்டுப்பிரசுரங்களில் சொல்வதுபோல எழுத்தைத் திருப்பிப் போடுகிறானா என்று தேடிக்கொண்டிருந்தால் பல பிள்ளைகளைத் தவறவிடுவோம். எங்கள் எழுத்தில் 'கெ' என்பதன் கொம்பு முன்னால் நிற்கும், ஒலி பின்னால் வரும். கு, சு, து மூன்றிலும் ஒரே உகரம், ஆனால் வடிவம் மூன்று விதம். கல், அகம், தங்கம் மூன்றிலும் ககரம் மூன்று விதமாக ஒலிக்கும். டிஸ்லெக்சியா உள்ள பிள்ளை மெல்ல மெல்ல எழுத்துகளைப் பிடித்துவிடும், வேகம்தான் வராது. 'போய்க்கொண்டிருந்தார்கள்' போன்ற சொல்லில் 'போய்' வரை வாசித்துவிட்டு மீதியை ஊகிக்கும். மாறாக, சொல்வதெழுதலில் ழகர ளகரத்தை மாற்றி எழுதுவது, எங்கள் பேச்சில் இரண்டும் ஒன்றாகிவிட்டதால், எந்தப் பிள்ளையும் விடும் பிழை. அதை மட்டும் வைத்து யாருக்கும் முத்திரை குத்தக் கூடாது.

பாடசாலையைத் தவறவிட்ட பிள்ளையையும் டிஸ்லெக்சியா உள்ள பிள்ளையையும் முதல் நாளில் பிரித்தறிவது கடினம். இருவரும் ஒரே மாதிரித் திணறுவார்கள். அதனால் சில வாரங்கள் தனியாக, முறையாகக் கற்பித்துவிட்டு மறுபடி பார்க்கிறேன். படிக்க வாய்ப்புக் கிடைக்காத பிள்ளை வேகமாக முன்னேறிவிடும். மற்றப் பிள்ளையும் உழைக்கும், ஆனால் நேற்றுத் தெரிந்தது இன்று கைநழுவும். அந்தப் பிள்ளைக்கு ஒலி ஒலியாக, ஒழுங்கு மாறாமல், கண், காது, கை மூன்றையும் சேர்த்து, மணலில் எழுதவைத்து, திரும்பத் திரும்பக் கற்பிக்க வேண்டும். அது மாதக் கணக்கில் போகும், சிலருக்கு வருடக் கணக்கில். ஒருநாள் முகாம் வைத்து, படம் எடுத்து, அறிக்கை கொடுத்துவிட்டுப் போவதால் இந்தப் பிள்ளைகளுக்கு எதுவும் கிடைப்பதில்லை.

அடி, 'மொக்கு' என்ற பட்டம், இன்னொரு ரியூசன். மதிப்பீட்டுக்கு வருவதற்கு முன் பெரும்பாலான பிள்ளைகள் இந்த மூன்றையும் கண்டிருப்பார்கள். எட்டு வயதுப் பிள்ளை 'எனக்கு மூளை இல்லை' என்று சாதாரணமாகச் சொல்வதைக் கேட்டுப் பழக என்னால் முடியவில்லை.

மல்லாவியில் இருந்தோ ஒட்டுசுட்டானில் இருந்தோ யாழ்ப்பாணத்துக்குப் பிள்ளையைக் கொண்டுபோவதென்றால் தாய்க்கு ஒருநாள் கூலி போய்விடும். இரண்டாம் முறை வரச்சொன்னால் வரமாட்டார்கள், அவர்களைக் குறைசொல்லவும் முடியாது. ஆகவே துணுக்காய், முல்லைத்தீவு, கிளிநொச்சிப் பக்கத்துக் கல்வி வலயங்கள் ஒவ்வொன்றிலும் வாசிப்பு இடர்பாட்டை மதிப்பிடவும் கற்பிக்கவும் பயிற்றப்பட்ட ஆசிரியர்கள் இருக்க வேண்டும். அந்த வேலைக்கென்றே அவர்களுக்கு நேரசூசியில் இடம் ஒதுக்க வேண்டும். மதிப்பீட்டுக் கருவிகள் எங்கள் பிள்ளைகளின் பேச்சுக்கும் பாடத்திட்டத்துக்கும் ஏற்றபடி உருவாக வேண்டும். ஆங்கிலச் சோதனையை மொழிபெயர்த்தால் போதாது. வடக்கு மாகாணக் கல்வித் திணைக்களமும் பல்கலைக்கழகங்களும் சேர்ந்தால் செய்யக்கூடிய வேலை இது.

பெற்றோருக்கும் ஒரு வேண்டுகோள். தரம் ஐந்து புலமைப்பரிசில் பரீட்சையில் நுண்ணறிவு வினாவைக்கூட வாசித்துத்தான் விளங்க வேண்டும். வெட்டுப்புள்ளியைத் தொடாத பிள்ளைக்கு அறிவில்லை என்று தயவுசெய்து முடிவெடுக்காதீர்கள். தரம் இரண்டின் முடிவிலும் எழுத்துக் கூட்டத் திணறினால் அப்போதே மதிப்பீடு கேளுங்கள். சாதாரண தரப் பரீட்சை எழுதப்போகும் பிள்ளைக்கு இந்த இடர்பாடு இருந்தால், விசேட தேவையுள்ள பரீட்சார்த்திகளுக்கான வசதிகளைப் பரீட்சைத் திணைக்களத்திடம் கேட்பது பற்றி அதிபரோடு கதையுங்கள். பரீட்சைக்கு முதல் வாரம் போய்க் கேட்டால் காலம் கடந்துவிடும். விண்ணப்பப் படிவம் நிரப்பும்போதே மதிப்பீட்டு அறிக்கையும் கையில் இருக்கட்டும்.

இப்படிக்கு,
வாசிப்பு இடர்பாட்டு ஆசிரியை,
கிளிநொச்சி