சான் வெரான்: உயரம் மட்டும்தானா?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற இதழின் ஆல்ப்ஸ் பயணக் கட்டுரையில் பிரான்சின் மலையூரான சான் வெரானை 'ஐரோப்பாவிலேயே உயரமான ஊர்' என்று எழுதியிருந்தீர்கள். சுவிட்சர்லாந்தின் யூஃப் 2,126 மீட்டரில் இருக்கிறது. ஆண்டு முழுக்க ஆள் குடியிருக்கும் ஊர் அது. சான் வெரான் சுமார் 2,040 மீட்டர்தான். பனிச்சறுக்கு விடுதிக்காகவே கட்டிய ஊர்களைக் கழித்துவிட்டால் பிரான்சில் முதலிடம் என்று வேண்டுமானால் சொல்லலாம்.

சரி, உயரம் கிடக்கட்டும். ஊரின் சரித்திரத்தைக் கட்டுரை தொடவே இல்லையே! 1343-இல், இன்றைய தென்கிழக்கு பிரான்சில் இருந்த தோஃபினே நாட்டை ஆண்ட இரண்டாம் உம்பேர் பணமுடையில் இருந்தார். பிரியான்சோன், கெய்ராஸ் உள்ளிட்ட மலைப்பகுதி மக்கள் பெருந்தொகை கொடுத்து அவரிடம் உரிமைச் சாசனம் எழுதி வாங்கிக்கொண்டார்கள். கெய்ராசைச் சேர்ந்த சான் வெரானும் அதில் அடக்கம். யார் எவ்வளவு வரி கட்டுவது என்பதை ஊர்க்காரர்களே கூடிப் பங்கிட்டார்கள். ஆறே ஆண்டில் தோஃபினே பிரெஞ்சு அரச குடும்பத்தின் கைக்குப் போனது. அப்புறமும் சாசனம் நிலைத்தது. 1713 உட்ரெக்ட் உடன்படிக்கையில் சாசனம் பெற்ற ஐந்து பகுதிகளில் மூன்று, எல்லைக்கு அப்பால் இருந்த சவோய் அரசுக்குப் போயின. மிச்சமிருந்ததும் 1789 புரட்சியோடு முடிந்தது. பிரபுக்களின் காலத்தில் நானூறு ஆண்டுக்கு மேல் இப்படி நடந்திருக்கிறது என்பது லேசான காரியமா?

படிப்பிலும் இந்த மலைக்காரர்கள் சளைத்தவர்கள் அல்ல. பனிக்காலத்தில் வயல் வேலை இருக்காது. வாத்தியார் வேலை தேடிக் கீழ்நாட்டுச் சந்தைகளுக்குப் போய், தொப்பியில் இறகு செருகி நிற்பார்களாம். ஓர் இறகு என்றால் எழுத்து, இரண்டு என்றால் கணக்கும் சேர்த்து, மூன்று என்றால் லத்தீனும் வரும். சம்பளமும் அதற்கேற்ப இருந்திருக்கும்.

நீங்கள் போட்டிருந்த வீட்டுப் படம் அருமை. ஆனால் அந்த மர முகப்பு அழகுக்காக வைத்ததல்ல. கோடை குறுகியது என்பதால் முற்றாத கதிர்களை அறுத்து வந்து அங்கே வெயிலில் பழுக்க வைத்தார்கள். கீழே கல் கட்டடம், அதில் குளிருக்கு மாடும் மனிதரும் ஒன்றாகவே இருந்தார்கள். மேலே முழுக்க மரமும் வைக்கோலும். ஒரு தீப்பொறி போதும், ஊரே எரிந்துவிடும். அதனால்தான் ஊரை ஐந்து தெருக்கூட்டமாகப் பிரித்து, நடுவே வெற்றிடம் விட்டுக் கட்டினார்கள்.

இன்னொன்று. உங்கள் வரைபடத்தில் ஊரை மோன் பிளாங் சிகரத்தின் அருகே குறித்திருக்கிறீர்கள். அதற்கு நூறு கிலோமீட்டருக்கும் மேல் தெற்கே, இத்தாலி எல்லையோரம் இருக்கிறது. பக்கத்துப் பெரிய சிகரம் மோன் விசோ. அடுத்த இதழில் திருத்திப் போடவும்.

வாசகர்,
திருச்சி