யெஸ்டி மேல் கட்டிங் மிஷின் வேண்டாம்

ஆசிரியருக்கு வணக்கம்.

புதுச்சேரியிலும் கடலூரிலும் வீட்டு வாசலிலேயே பழைய பைக்குகளைப் பிரித்துக் கட்டும் இளைஞர்கள் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையை இரண்டு முறை படித்தேன். முதல் முறை சந்தோஷமாக. இரண்டாம் முறை, படத்தை உற்றுப் பார்த்துவிட்டு, வயிற்றெரிச்சலோடு. பின் மட்கார்டு இல்லை. சீட்டுக்குப் பின்னால் வண்டியின் எலும்புக்கூடான சேஸ் கம்பியை அறுத்து, வளைத்து, வெல்டு வைத்திருக்கிறது. இரண்டு சைலன்சர் இருந்த இடத்தில் துணி சுற்றிய ஒரே குழாய். கீழே ‘கஃபே ரேசராக மாறிய யெஸ்டி’ என்று போட்டிருந்தீர்கள், அதாவது ரேஸ் பைக் போலக் குறைத்துக் கட்டியது. அது யெஸ்டிதான் என்று காட்டிக்கொடுத்தது அந்த முட்டை வடிவ இன்ஜின் மட்டும்தான்.

இதைச் சொல்ல உங்களுக்கு என்ன யோக்கியதை என்று என் வீட்டம்மா கேட்டார். நியாயமான கேள்வி. 1990இல் இதே பாவத்தை நானும் செய்திருக்கிறேன்.

அப்பா நெல்லிக்குப்பம் சர்க்கரை ஆலையில் ஃபிட்டர். 1982இல் அவர் வாங்கியது யெஸ்டி ரோட்கிங். எனக்கு ஆசிரியர் வேலை கிடைத்ததும் சாவியைக் கையில் கொடுத்தார். நான் செய்த முதல் காரியம், பின் மட்கார்டைப் பாதியில் அறுத்ததுதான். அப்போது அதுதான் ஸ்டைல். அறுத்த துண்டைப் பழைய இரும்புக் கடையில் போட்டு, வந்த காசில் நானும் நண்பனும் டீ குடித்தோம். அப்பா கத்தவில்லை. “மழை வரட்டும்” என்றார், அவ்வளவுதான். ஐப்பசியில் வந்தது. பள்ளிக்கூடம் போய்ச் சேர்வதற்குள் வெள்ளைச் சட்டையின் முதுகில் இடுப்பிலிருந்து காலர் வரை சேற்றுக்கோடு. கரும்பலகையில் எழுதத் திரும்பினேன், வகுப்பே சிரித்தது. ஏன் சிரிக்கிறார்கள் என்று மத்தியானம்தான் தெரிந்தது.

அப்புறம் கல்யாணம், ஸ்கூட்டர், குழந்தைகள். ரோட்கிங் தென்பெண்ணைக் கரையோரம் இருந்த எங்கள் பழைய வீட்டின் கொட்டகைக்குள் போனது, சாக்கு மூடிக் கிடந்தது. 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் கரை கடந்ததும், அடுத்து ஆற்றில் வந்த வெள்ளமும் கடலூர்க்காரர்களுக்கு நினைவிருக்கும். வண்டி இரண்டு நாள் தண்ணீருக்குள் நின்றது. வடிந்த பிறகு போய்ப் பார்த்தேன். ஹெட்லைட் கண்ணாடிக்குள் கலங்கல் தண்ணீர், அதில் ஒரு தவளைக் குஞ்சு. அன்றைக்குத்தான் இதை ஓட வைத்தே தீருவது என்று முடிவு செய்தேன்.

முதலில் ஒரு விஷயம், வெள்ளத்தில் நின்ற டூ ஸ்ட்ரோக் வண்டியைக் கிக் அடித்துப் பார்க்காதீர்கள். இந்த வகை இன்ஜினில் பெட்ரோல் கலவை, பிஸ்டனின் ஓட்டத்தைச் சுழற்சியாக்கும் கிராங்க் இருக்கிற அறை, அதாவது கிராங்க் கேஸ் வழியாகத்தான் மேலே போகிறது. அங்கே வண்டல் இறங்கியிருந்தால், ஒரு உதைக்கே பேரிங்கிலும் பிஸ்டன் ஓடும் போரிலும் ஏறி அறுத்துவிடும். பிளக்கைக் கழற்றி, தண்ணீரை வடித்து, டீசல் ஊற்றி ஊறவிட்டேன். கியர் பாக்ஸ் ஆயில் பால் தூக்கலாகப் போட்ட டீ மாதிரி வந்தது. இன்ஜினைப் பிளந்தபோது, சலித்த மாவு போல மெல்லிய ஆற்று வண்டல், கிராங்கைச் சுற்றி விரல் கனத்துக்கு.

கிராங்கைத் தூக்கிக்கொண்டு கடலூர் முதுநகரில் ஒரு லேத் பட்டறைக்குப் போனேன். மீன்பிடிப் படகுகளின் ஷாஃப்ட் வேலைதான் அங்கே முக்கியம். பைக் கிராங்க் அவருக்குப் பொம்மை மாதிரி. ஆனாலும் மூன்று சாயங்காலம் எடுத்துக்கொண்டார். பழைய பின்னைப் பிரஸ்ஸில் தள்ளி, புது கனெக்டிங் ராடு கோத்து, இரண்டு சக்கரங்களும் ஒரே நேர்கோட்டில் சுற்றுகிறதா என்று டயல் கேஜ் வைத்துப் பார்ப்பதும், செப்புச் சுத்தியால் ஒரு தட்டுத் தட்டுவதும், மறுபடி சுற்றிப் பார்ப்பதுமாக. எவ்வளவு பலமாகத் தட்டுவது என்று எப்படித் தெரியும் என்று கேட்டேன். “முள்ளப் பாக்காதீங்க சார், சத்தத்தக் கேளுங்க” என்றார். எனக்கு எல்லாத் தட்டும் ஒரே சத்தமாகத்தான் கேட்டது. உங்கள் கட்டுரையில் பெயின்ட், சீட், ஹேண்டில்பார் எல்லாவற்றுக்கும் இடம் இருந்தது. இப்படி ஒரு லேத்காரருக்கு ஒரு வரி இல்லை.

டாங்கின் உட்புறத் துருவை எடுத்தது வீட்டுச் சமையலறைச் சரக்கு. ஒரு கிலோ பழம்புளி கரைத்து ஊற்றி, பழைய செயின் துண்டு ஒன்றைப் போட்டு, நான்கு நாள், போகும்போதும் வரும்போதும் குலுக்கினேன். குத்துவிளக்குத் துலங்கும் அதே வேதியியல்தான், புளியில் இருக்கும் டார்டாரிக் அமிலம். பிறகு சலவைச் சோடா கரைசலால் கழுவி, வெயிலில் காய்ந்த உடனே எண்ணெய் கலந்த பெட்ரோலைச் சுழற்றிவிட வேண்டும். கடலோரக் காற்றுக்கு ஒரு ராத்திரி போதும், மறுபடி செம்பழுப்பு ஏறிவிடும்.

பெட்ரோல் என்றதும் இன்னொன்று. இப்போது பங்க்கில் கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்தது. வாத்தியார் புத்தி போகாது, அளவுக் குழாயில் 90 மில்லி பெட்ரோலும் 10 மில்லி தண்ணீரும் ஊற்றிக் குலுக்கி வைத்தேன். கீழே 10 நிற்க வேண்டிய தண்ணீர் 27க்கு ஏறி நின்றது. எத்தனால் முழுக்கத் தண்ணீரோடு சேர்ந்துகொண்டது. மழைக்காலம் முழுக்க ஓட்டாமல் நிறுத்தினால் டாங்க் அடியில் நடப்பதும் இதுதான். பழைய ரப்பர் டியூபும் கார்புரேட்டர் வாஷரும் இந்த எரிபொருளுக்குச் செய்யப்பட்டவை அல்ல, ஊறி நெகிழ்ந்துவிடும். காற்று விகிதமும் மாறுவதால் கார்புரேட்டரில் பெட்ரோல் வரும் துளையான மெயின் ஜெட்டை ஒரு அளவு பெரிதாக்க வேண்டியிருந்தது. நிறுத்தி வைக்கும் வண்டியின் டாங்கையும் கார்புரேட்டரையும் காலி செய்துவிடுங்கள்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். ஏன் யெஸ்டியை வெட்டக் கூடாது? மைசூரில் ஐடியல் ஜாவா ஆலை 1996இல் மூடிவிட்டது. அதோடு கதை முடிந்தது. 2022இல் யெஸ்டி என்ற பெயர் திரும்பி வந்தது உண்மை. ஆனால் அது நீர் குளிர்விக்கும் ஃபோர் ஸ்ட்ரோக், அதன் ஒரு போல்ட்டுகூட நம் வண்டிக்கு உதவாது. புல்லட் கதை வேறு. 1955இல் சென்னையில் தொடங்கிய அந்த வார்ப்பிரும்பு இன்ஜின் ஐம்பது வருஷத்துக்கு மேல் பெரிய மாற்றமில்லாமல் வந்துகொண்டிருந்தது, சாமானும் தாராளமாகக் கிடைக்கிறது. அதை வெட்டினாலும் நாளைக்குத் திருத்திக்கொள்ளலாம். யெஸ்டியில் ஒரு சேஸ் அறுந்தால் உலகத்தில் ஒரு சேஸ் குறைந்தது. கியர் போடும் கம்பியையே உள்ளே தள்ளித் திருப்பினால் கிக்கர் ஆகிற அந்தக் குசும்பை இனி யாரும் செய்யப் போவதில்லை.

சட்டமும் இருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, தயாரிப்பாளர் கொடுத்த அமைப்பை மாற்றக் கூடாது என்கிறது. 2019 திருத்தத்துக்குப் பிறகு ஒவ்வொரு மாற்றத்துக்கும் ரூ.5,000 வரை அபராதம் போடலாம், சிறைத் தண்டனைக்கும் இடமுண்டு. தம்பிகள் இதைக் கேட்டுச் சிரிப்பார்கள், தெரியும். அவர்களுக்கு வேறு கணக்கு சொல்கிறேன். 2021 ஜூலையில் மத்திய அரசு கொண்டுவந்த விண்டேஜ் வாகன விதிப்படி, 50 வயது தாண்டிய வண்டிக்கு ‘விஏ’ என்ற தனி எண் கிடைக்கும். புதுப் பதிவுக்கு ரூ.20,000, பத்து வருஷம் செல்லும். ஒரு நிபந்தனை, சேஸ், பாடி, இன்ஜின் எதிலும் மாற்றம் கூடாது, வண்டி மூல வடிவில் இருக்க வேண்டும். என் ரோட்கிங்குக்கு 2032இல் ஐம்பது ஆகும். உங்கள் படத்தில் இருந்த வண்டிக்கு எத்தனை வயதானாலும் அந்த வரிசையில் நிற்க முடியாது. (அந்த எண் வாங்கினால் தினசரி ரோட்டில் ஓட்டக் கூடாது என்பதும் விதி. நான் வாங்கமாட்டேன் என்றுதான் நினைக்கிறேன். ஓட்டாத வண்டி எனக்கு எதற்கு.)

வெட்டி ஒட்டிப் புதுசாகக் கட்டும் கலைக்கே நான் எதிரி இல்லை. லாஸ்பேட்டையில் ஒரு தம்பி பழைய பல்சரை வைத்துத் தனியாகவே ஒரு பாபர், அதாவது மட்கார்டைக் குறைத்துத் தேவையற்றதைக் கழற்றிய பைக், கட்டியிருக்கிறார். ஃபோர்க் கோணம் மாறினால் வண்டி வளைவில் எப்படி நடந்துகொள்ளும் என்று காகிதத்தில் வரைந்து காட்டினார், எனக்குப் பாதிதான் புரிந்தது. என் ரோட்கிங்கின் ஒயரிங் முழுவதும் அவர் கைவேலை. ஞாயிற்றுக்கிழமை காந்தி வீதிச் சந்தையில் ஒரு பழைய ஸ்பீடோமீட்டரைப் பேரம் பேசி வாங்கித் தந்ததும் அவர்தான், நான் கேட்டிருந்தால் இரண்டு மடங்கு கொடுத்திருப்பேன். லட்சக்கணக்கில் ஓடும் பல்சரும் ஸ்பிளெண்டரும் இருக்கும்போது அதில் கை வைக்கட்டுமே. வண்டியை வழிமறித்து வழக்குப் போடுகிறார்களா என்பது அவர் பாடு, போலீஸ் பாடு.

பதினான்கு மாதத்துக்குப் பிறகு போன மாதம் வண்டி கிளம்பியது. மூன்றாவது உதைக்கு. நீலப் புகை தெரு முனை வரை போனது, எதிர்வீட்டு அம்மா ஜன்னலைச் சாத்தினார். தேவனாம்பட்டினம் கடற்கரை வரை போய் வந்தேன். அப்பா இருந்திருந்தால் முதலில் பின்பக்கத்தைத்தான் பார்த்திருப்பார்.

எல்லாம் சேர்ந்துவிட்டது, ஒன்றைத் தவிர. சென்னை புதுப்பேட்டையில் இரண்டு தடவை அலைந்துவிட்டேன். தகடு வளைத்துச் செய்து தருவதாக டிங்கர் ஒருவர் சொல்கிறார், எனக்கு மனசில்லை. உங்கள் வாசகர்களில் யார் வீட்டுப் பரணிலாவது ரோட்கிங்கின் பின் மட்கார்டு, அறுக்காதது, கிடந்தால் இதழின் முகவரிக்கு ஒரு வரி எழுதச் சொல்லுங்கள். துரு பிடித்திருந்தாலும் பரவாயில்லை, புளி இருக்கிறது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வேதியியல் ஆசிரியர்,
திருப்பாதிரிப்புலியூர், கடலூர்.